கலங்கலம்மனுக்கு இரண்டு முந்தி

காஞ்சிபுரத்துக்கு வேன் வேனாக வந்து இறங்குகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், பட்டுக்கடையில் குனிந்து விலை கேட்கிறார்கள், இட்லி தின்றுவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். இந்த ஊரில் இத்தனை குளம் இருக்கிறதே, இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தராவது கேட்டு நான் பார்த்ததில்லை. செவிலிமேட்டுக்கு அந்தப் பக்கம் தும்பை ஏரி என்று ஒன்று இருக்கிறது. ராஜா காலத்தில் வெட்டியது. அதிலிருந்து கால்வாய் வந்து குளங்களை நிரப்பும், குளத்துத் தண்ணீர் எங்கள் கிணறுகளில் ஊறும், அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் தெருவில் பட்டுக்குச் சாயம் போட்டார்கள். ஏரி இல்லாவிட்டால் சாமிக்குத் தெப்பமும் இல்லை, எங்களுக்குப் பிழைப்பும் இல்லை. இதைச் சொன்னால் "அப்படியா" என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி விலை கேட்பார்கள்.

ஏரி நிரம்பி வழிகிற கல்சுவருக்குக் கலங்கல் என்று பெயர். அதன் கரையில், முழ உயரத்தில், கலங்கலம்மன் இருக்கிறாள். ஏரி வழிகிற வருஷம் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவிலிருந்து அவளுக்கு ஒரு பட்டுச்சேலை போக வேண்டும். வீட்டுக்கு வீடு முறை. அதற்குச் சட்டதிட்டம் நிறைய. சேலை முறைக்காரர் தறியில் நெய்ததாக இருக்க வேண்டும். மேளம் வாசலுக்கு வந்த பிறகுதான் தறியிலிருந்து அறுக்க வேண்டும். அறுத்த ஆண்பிள்ளையே மடித்து மஞ்சள் துணியில் கட்ட வேண்டும். அதன்பிறகு அம்மன் முன்னால் பிரிக்கிறவரைக்கும் மடிப்பை யாரும் தொடக் கூடாது. தண்ணீர் கலங்கலைத் தாண்டுகிறவரை அது கொடுத்த வீட்டுச் சேலை. தாண்டிவிட்டால் அவளுடையது, உடனே அவளுக்குச் சாத்திவிடுவார்கள்.

அம்மனும் சும்மா வாங்கிக்கொள்கிறவள் இல்லை. கொடுத்த வீட்டுக்கு மறுசீர் என்று ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். எதைக் கொடுப்பது என்பது பூசாரி செல்லியம்மாள் இஷ்டம். அந்த நேரத்தில் சன்னிதியில் அவள் கையில் அகப்படுவது எதுவோ அது. போன முறை எதிர்வீட்டு ஜீவிதாவுக்கு இவ்வளவு பெரிய பூசணிக்காய் வந்தது. அதைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

இந்த முறை எங்கள் வீட்டு முறை. ஏரி அத்தனை சுலபத்தில் நிரம்பாது என்பதால் நான் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. என் கவலையெல்லாம் என் மகன் சிவராஜின் கல்யாணம்.

பெண் பிரியதர்ஷினி தங்கமான பெண். அவளைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய அப்பா திருஞானசம்பந்தம் இருக்கிறாரே, சின்ன காஞ்சிபுரத்தில் தறி போட்டிருப்பவர், அவர்தான் எனக்குத் தலைவலி. அந்த மனிதர் கண்ணில் பட்ட சேலை தப்பித்ததே இல்லை. சாவு வீட்டுக்கு வந்தால்கூட அழுகிற பொம்பளையின் முந்தானையைப் புரட்டிப் பார்த்து "ஊடை தளர்வா இருக்குதே" என்பார். நிச்சயதார்த்தத்தன்று நான் கட்டியிருந்த சேலையைப் பார்த்து இரண்டு குற்றம் சொன்னார். இரண்டும் உண்மை என்பதுதான் கொடுமை. போகும்போது வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"சம்பந்தியம்மா, முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டுதுதான். ஆனா கடையில எடுத்துக்கினு வந்துடாதீங்க. நெசவு வீட்டுப் பொண்ணு நெசவு வீட்டுக்கு வருது. உங்க தறியில எறங்குன சேலையாத்தான் இருக்கணும். கடைச் சேலை எதுன்னு என் கண்ணுக்குத் தெரியும்."

"தறியில நெய்யறதை விட்டு நாங்க வேற இன்னா பண்ணிக்கினு இருக்கோம் அண்ணா? பாத்துக்கலாம் போங்க" என்றேன். சொல்லிவிட்டேன். இனி அந்தச் சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும்.

அதனால் தறியில் நீளவாட்டில் கட்டிய ஒரே பாவில் இரண்டு சேலை போட்டோம். அரக்கு உடல், பச்சை முந்தி. ஒன்று மருமகளுக்கு, இன்னொன்று ஏரி நிரம்பினால் அம்மனுக்கு. எங்கள் சேலையில் முந்திக்கு வேறு நிறம் வேண்டும் என்றால், உடல் முடிகிற இடத்தில் அந்த நிறத்து இழைகளைச் சேர்த்துப் பிணைத்து நெய்ய வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனியாகச் செய்து மாளாது என்று என் வீட்டுக்காரர் தேவேந்திரன் இரண்டு முந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் நெய்துவிடுவார். முதல் சேலையின் உடல், அதன் முந்தி, நடுவில் நாலு விரல் நெய்யாத வெற்று இழை, அடுத்த முந்தி, அடுத்த உடல். அந்த வெற்று இழையில் கத்தரி வைத்தால் அந்தப் பக்கம் ஒரு சேலை, இந்தப் பக்கம் ஒரு சேலை. அவ்வளவுதான் கணக்கு. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார்த்திகை மழை பிடித்தது பாருங்கள், விடவே இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஏரி மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் போன் பண்ணினான். "அக்கா, ஒரு சாண்தான் பாக்கி. மத்தியானத்துக்குள்ள தண்ணி கலங்கல் தாண்டிப் போயிடும். சேலை ரெடி பண்ணுங்க."

எனக்குச் சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை வருஷம் காய்ந்து கிடந்த ஏரிக்கு என் வீட்டு விசேஷத்தன்றுதானா வழியத் தோன்ற வேண்டும்? வீடு முழுக்க உறவு ஜனம். அடுப்பில் சோறு. சாயங்காலம் பெண்ணை மண்டபத்துக்கு அழைக்கும்போது தாம்பூலத் தட்டில் முகூர்த்தச் சேலை இருக்க வேண்டும். இதற்கு நடுவில் மின்சாரம் வேறு போய்விட்டது. தறி அறை கும்மிருட்டு. மேளக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். "ஏங்க, ஒரு விளக்கு எடுத்துக்கினு வரேன், இருங்க. பாத்து அறுங்க."

"என் தறி, என் கை. இருட்டுல சோறு துன்னா வாய் எங்க இருக்குதுன்னு தெரியாதா? நீ மாவைப் பாரு."

இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டதே கிடையாது. சுருட்டியிருந்த துணியைப் பிரித்து, விரலால் தடவிப் பார்த்து, சரக்கென்று அறுத்தார். அப்படியே மடித்து மஞ்சள் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். தறியில் மிச்சமிருந்த சேலையை அறையிலேயே விட்டுவிட்டு மேளத்தோடு வண்டியேறிக் கிளம்பிப் போனார். நான் மாவிளக்குத் தட்டை ஜீவிதா கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, வந்த சொந்தக்காரர்களுக்கு இலை போட்டேன்.

பந்தி முடிந்த பிறகுதான் கை ஒழிந்தது. மருமகள் சேலைக்கு முந்தியில் குச்சு கட்ட வேண்டுமே என்று தறி அறைக்குப் போய் அதைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துப் பிரித்தேன். அரக்கு, அரக்கு, அரக்கு. பிரிக்கப் பிரிக்க அரக்கு. கடைசி முனை வந்துவிட்டது. பச்சையைக் காணோம்.

முதலில் திருப்பிப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தேன். இன்னொரு முனையைப் பார்த்தேன். அங்கே ரவிக்கைத் துண்டு. மறுபடி இந்த முனை. உடலும் முந்தியும் பிணைகிற இடத்தில் விரலுக்குத் தட்டுகிற மாதிரி ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டை ஒட்டிக் கத்தரி போயிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இருட்டில் விரலுக்கு முதலில் தட்டிய மேட்டை நடு இடைவெளி என்று நினைத்து அறுத்துவிட்டார் மகராசன். அம்மனுக்குப் போனது இரண்டு முந்தி வைத்த சேலை. என் மருமகளுக்கு மிச்சம் ஒரு முந்தியும் இல்லாத சேலை.

"ஐயோ, என் வயித்துல மண்ணை வாரிப் போட்டுட்டாரே!" என்று கத்தினேன். சிவராஜ் ஓடி வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி விடும்மா. கடையில ஒண்ணு எடுத்துக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்குத் தெரியுமா? உன் மாமனாருக்குத் தெரியும்டா! தெரு முனையில இருந்தே தெரியும்! நெசவுக்காரி வீட்டுல மருமகளுக்கு நெய்யத் துப்பில்லன்னு சின்ன காஞ்சிபுரம் முழுக்கச் சிரிக்கும். அந்தப் பொண்ணு தலை குனிஞ்சிக்கினு என் வீட்டுக்குள்ள வரணுமா?"

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. தண்ணீர் தாண்டுகிறவரைக்கும் அது எங்கள் சேலைதானே? அதற்குள் போய்ச் சேர்ந்தால், நடுவில் ஒழுங்காக அறுத்து முழுச் சேலையை வாங்கிக்கொள்ளலாம். முந்தியில்லாததையும், அறுத்து எடுத்த தனி முந்தியையும் அம்மனுக்குக் கொடுத்துவிடலாம். முழ உயரத்து அம்மனுக்குத் தனி முந்தியைத் தோளில் போட்டால் போதாதா? அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பொம்பளைதானே. சேலையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி ஸ்கூட்டரின் முன்னால் வைத்தேன்.

"நான் ஓட்டறேன்மா" என்றான் சிவராஜ்.

"காப்பு கட்டினவன் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ள போ!"

வண்டியைக் கிளப்பினேன். தெருவெல்லாம் தண்ணீர். பேருந்து நிலையத்துப் பக்கம் சுற்றுலா வேன் ஒன்று குறுக்கே நின்றது. உள்ளிருந்தவர்கள் மழையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "யோவ், வண்டியை எடு! எங்க ஏரி தாண்டப் போவுது!" என்று கத்தினேன். டிரைவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான், ஆனால் எடுத்துவிட்டான். வழியில் பார்த்த குளமெல்லாம் மேல்படி வரைக்கும் ததும்பியது. வேறு நாளாக இருந்தால் வண்டியை நிறுத்திப் பார்த்து மகிழ்ந்திருப்பேன். அன்றைக்குப் பார்க்கப் பார்க்க வண்டியை இன்னும் விரட்டினேன். தாயே, ஒரு நாழிகை பொறுத்துக்கொள்ளடி, மெதுவாக வழி என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே போனேன். மழை வேண்டும் என்று வேண்டின வாயால் இப்படியும் வேண்ட வேண்டியிருந்தது.

கரையில் ஏறும்போதே சத்தம் கேட்டது. "போவுது! போவுது!" மேளம் உச்சத்தில் அடித்தது. பட்டாசு வெடித்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கலங்கல் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தண்ணீர் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. அத்தனை ஜனமும் கையெடுத்துக் கும்பிட்டு நின்றது. நானும் கும்பிட்டேன். கும்பிட்டுக்கொண்டே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மனைப் பார்த்தேன். சேலையைச் சாத்தியாகிவிட்டது. இரண்டு முந்தி இருந்தால் செல்லியம்மாள் என்ன செய்வாள்? வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று என்று இரண்டு பக்கமும் பச்சையாக வழியவிட்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கொள்ளை அழகு. சின்ன காஞ்சிபுரத்து ஸௌந்தரராஜன் சார், கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், கலங்கல் கல்லில் இருக்கும் பழைய எழுத்தைப் படிக்க அடிக்கடி வருகிறவர், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "ரொம்ப விசேஷமா இருக்கே! ரெட்டை முந்தி! ஏரிக்கு ரெண்டு மதகு இருக்கு, அதுக்குப் பொருத்தமா சாத்தறாளோ? இது எத்தனை நாளா வர வழக்கம்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முகம் வெளுத்துப்போய் நின்றார். தான் செய்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன். திருஞானசம்பந்தம். ஏரி வழிகிறது என்றால் ஊரே வரும்போது அவர் மட்டும் வராமல் இருப்பாரா? கையைக் கட்டிக்கொண்டு அம்மனின் இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, அந்தப் பையில முந்தியில்லாத சேலை ஒண்ணு இருக்குதா?" என்றார்.

மறைத்துப் பிரயோஜனம் இல்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது.

"இருக்குதுங்க! உங்க பொண்ணுக்கு வச்ச முகூர்த்தச் சேலைதான். அவரு இருட்டுல தப்பான எடத்துல அறுத்துட்டாரு. தண்ணி தாண்டறதுக்குள்ள மாத்திக்கலாம்னு அடிச்சிப் புடிச்சி ஓடியாந்தேன், தாண்டிடுச்சு. இப்ப குடுக்க என் கையில ஒண்ணும் இல்ல. கடையில வாங்கி வந்து எங்க தறின்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இன்னா சொல்றதா இருந்தாலும் இங்கயே சொல்லிடுங்க. மண்டபத்துல நாலு பேர் எதிர்ல அந்தப் பொண்ணு காதுல விழற மாதிரி மட்டும் சொல்லாதீங்க."

மேளம்கூட நின்றுவிட்டது. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஸௌந்தரராஜன் சார் போனைக் கீழே இறக்கினார்.

"அப்போ... வழக்கம் இல்லையா?" என்றார்.

"இல்ல சார், கத்தரிக்கோல்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கலங்கல் கல்லைக் காட்டினார். "நீங்க வருத்தப்படாதீங்கோம்மா. இந்த ஏரியைக் காக்கறவன் கால் என் தலைமேலன்னு இதுல கடைசியில ஒரு வரி இருக்கு. அந்த வரியைக் கல்தச்சன் ரெண்டு தரம் வெட்டியிருக்கான். எதுக்காக ரெண்டு தரம்னு நான் ரொம்ப நாளா யோசிச்சிண்டிருந்தேன். அவனுக்கும் மழை வந்திருக்கும், பின்னால மேளம் அடிச்சிருப்பா. இத்தனை காலமா அந்தத் தப்பும் தண்ணிக்குப் பக்கத்துல நின்னுண்டுதானே இருக்கு."

ஏனோ அதைக் கேட்டதும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அப்போதுதான் செல்லியம்மாள் சன்னிதியிலிருந்து எழுந்து வந்தாள். கறாரான கிழவி. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னா பொலம்பிக்கினு இருக்கறே காவேரி? அவ கட்டுன சேலையை அவுத்துக் குடுக்க முடியாது. அது அவளுது."

"தெரியும்க்கா."

"ஆனா உனக்கு மறுசீர் பாக்கி இருக்குதில்ல?" என்றாள். தட்டில் ஒரு பூசணிக்காய் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எதைக் குடுக்கறதுன்னு நான்தானே பாக்கணும். அவளுக்கு ரெண்டு முந்தி எதுக்கு? ஒண்ணு போதும். கத்தரி கொண்டாங்க."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். ஜீவிதா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "அடியே, எனக்குப் பூசணிக்காய், உனக்குப் பட்டா!" என்றாள். யாரோ கத்தரியை எடுத்து நீட்ட, என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

திருஞானசம்பந்தம் குறுக்கே புகுந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். "உங்க கையில குடுத்தா மூணாவது முந்தி வந்துடும். நவுருங்க சம்பந்தி."

அவர் குனிந்து, அம்மன் தோளைத் தாண்டி வழிந்த துணியில் நடு இடைவெளியைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, மறுபடி பார்த்து, அதன் பிறகுதான் அறுத்தார். செல்லியம்மாள் அந்தப் பச்சை முந்தியில் குங்குமம் வைத்து என் மடியில் போட்டாள். அம்மனுக்கு ஒரு தோளில் ஒரு முந்தி ஒழுங்காக இருந்தது. ஜனம் குலவை போட்டது. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

உடல் ஒன்றாகவும் முந்தி ஒன்றாகவும் இருப்பதை வைத்து என்ன செய்வது? அதற்கும் திருஞானசம்பந்தமே வழி சொன்னார். இரண்டு முனையிலும் குறுக்கு இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிட்டால் நீளவாட்டு இழைகள் குஞ்சம் மாதிரி வெளியே வரும். இந்தப் பக்கத்துக் கொத்தையும் அந்தப் பக்கத்துக் கொத்தையும் குச்சு கட்டுகிற மாதிரி முடிந்துகொண்டே போனால் சேலை ஒன்றாகிவிடும்.

"அது தெரியுங்களே. நடுவுல ஒரு வரி முடிச்சுத் தெரியும்" என்றேன்.

"தெரியட்டும். கலங்கலம்மா குடுத்த முந்தி, தெரிஞ்சா இன்னா? சீக்கிரம் வண்டியை எடுங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். எங்கள் கூடத்தில் சேலையை விரித்தோம். ஒரு முனையிலிருந்து நான், இன்னொரு முனையிலிருந்து அவர், நடுவில் ஜீவிதாவும் என் வீட்டுக்காரரும். என் வீட்டுக்காரருக்குக் கத்தரி தொடக் கூடாது என்று நிபந்தனை. உறவு ஜனம் காபியும் முறுக்குமாக எங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. "முடிச்சை இறுக்காதீங்க, துணி சுருங்கும்." "அந்தக் கொத்துல இழை ஜாஸ்தியா போச்சு, பிரிங்க." வாய் ஓயவே இல்லை அந்த மனிதருக்கு. நான் பதிலுக்குப் பதில் கொடுத்தேன். நடுவில் அவர் போன் அடித்தது. பிரியதர்ஷினி. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்கப்பா இருக்கே? இங்க எல்லாரும் உன்னைத் தேடிக்கினு இருக்காங்க."

"உன் மாமியார் வீட்டுலதான்மா. உன் சேலையில குத்தம் கண்டுபுடிச்சிக்கினு இருக்கேன்."

"அப்பா! இன்னிக்குமா? மானத்தை வாங்காதேப்பா. அத்தை இன்னா நினைப்பாங்க?"

"அத்தை இங்கதான் இருக்கேன்மா" என்றேன். "நினைக்கவெல்லாம் நேரமில்ல. உங்க அப்பா வேலை வாங்கிக்கினு இருக்காரு."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். காலையிலிருந்து கல்லாகக் கிடந்த என் நெஞ்சு அப்போது இளகியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசி முடிச்சு விழுந்தது. சேலையை எழுந்து நின்று உதறிப் பிடித்தோம். அரக்குக்கும் பச்சைக்கும் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சு. நன்றாகத்தான் இருந்தது. தட்டில் வைத்து மஞ்சள், பூ எல்லாம் வைத்தேன்.

மறுநாள் முகூர்த்தத்தில் பிரியதர்ஷினி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். எனக்குக் கண் நிறைந்துபோனது. தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தாள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண்வீட்டு அத்தைக்காரி ஒருத்தி முந்தியை எடுத்துப் புரட்டினாள். அந்த வம்சத்துக்கே அது வழக்கம்போல.

"இன்னாடி இது, நடுவுல முடிச்சு முடிச்சா இருக்குது? எந்த ஊருச் சேலை இது?"

பிரியதர்ஷினி பதில் சொல்வதற்குள் திருஞானசம்பந்தம் பாய்ந்து வந்தார்.

"இன்னா முடிச்சா? என் கை வேலைம்மா அது! தறி என் சம்பந்தி வீட்டுது, முந்தி கலங்கலம்மா குடுத்தது, முடிச்சு நான் போட்டது. இதுல குத்தம் சொல்ல வந்துட்டியா? போ, போய்ப் பந்தியில உக்காரு!"

அத்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். நான் தூணில் சாய்ந்துகொண்டேன். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், ஏரி கலங்கலைத் தாண்டின மாதிரி இருந்தது. ஸௌந்தரராஜன் சாரும் வந்திருந்தார். அடுத்த முறைக்காரர் வீட்டில் இப்போதே அம்மனுக்கு இரண்டு முந்தி வைத்து நெய்யலாமா என்று யோசிக்கிறார்களாம், என்னிடம் சொல்லிச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லுங்கள் சார், எங்கள் உயிர் போய் உயிர் வந்தது என்றேன்.

பந்தியில் எனக்கு எதிரில் சம்பந்தி உட்கார்ந்தார். பாயசம் குடித்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இலைக்கு மேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சம்பந்தியம்மா, ஒரு முடிச்சு மட்டும் தளர்வா இருக்குது."

"எது?"

"ஓரத்துல இருந்து ரெண்டாவது. நீங்க போட்டது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அடக்க முடியவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை மறுவீட்டுக்கு வர்றீங்கல்ல? நீங்களே வந்து இறுக்கிக் குடுங்க அண்ணா" என்றேன்.

"வரேன்" என்றார். "ஆனா கத்தரியை சம்பந்தி கண்ணுல படாத எடத்துல எடுத்து வைங்க."